ஆங்கிலத்தை யாரோடு பேசிக் கற்பது?



2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள், பிலிப்பைன்ஸ் நாட்டின் பத்தாங்காஸ் மாநிலத்திலுள்ள ஒரு தொடக்கப்பள்ளி மாணவர்களோடு ஆங்கிலப் பாடத்தில் இணைந்து பயின்றனர். விமானப் பயணம் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. வாரந்தோறும் குரல்பதிவுகள், சில படங்கள், மாதம் இருமுறை காணொலிச் சந்திப்பு, அவ்வளவே. இதைக் கேள்வியுற்ற ஆசிரியர் சிலர் விவரம் கேட்டனர். பெற்றோர் சிலர் வருத்தமும் தெரிவித்தனர். இரு தரப்பினருக்கும் விடையாக இதனை எழுதுகிறேன்.

பெற்றோரின் வருத்தத்தை ஒரு தந்தை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னார். "டீச்சர், வெள்ளைக்காரப் பிள்ளைங்களோட பேச வச்சாத்தானே நல்ல இங்கிலீஷ் வரும்? பிலிப்பினோ பிள்ளைங்களும் நம்மள மாதிரி படிச்சு வந்தவங்கதானே?" அவர் லாரி ஓட்டுநர். தமக்கு ஆங்கிலம் வராததால் இழந்த வேலைகளை நன்கறிந்தவர். அக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு நம் வரலாற்றிலிருந்தே விடை தேட வேண்டும்.

நமக்கு எட்டாத மொழி

காலனிய ஆட்சி ஆங்கிலத்தைத் திணித்தது என்று பொதுவாகப் பேசுகிறோம். கென்ய எழுத்தாளர் ங்கூகி வா தியாங்கோ, பள்ளியில் தாய்மொழி பேசிய மாணவர்கள் தண்டிக்கப்பட்டதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆனால் மலாயாத் தோட்டங்களில் நடந்தது வேறு. இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது. தோட்டங்களுக்கு அது உடனே வந்துவிடவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டுமென்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பெரும்பாலும் கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்த அப்பள்ளிகளில், சில ஆண்டுத் தமிழோடு படிப்பு முடிந்துவிடும். ஆங்கிலப் பள்ளி நகரத்தில் இருந்தது. அதற்குக் கட்டணமும் பயணச் செலவும் வேண்டும்.

ஆகவே பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டிமார்க்கு ஆங்கிலம் திணிக்கப்படவில்லை. எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டது. அப்படியிருக்க, காலனியச் சிந்தனையைக் களைகிறோம் என்று சொல்லி ஆங்கிலத்தையே தள்ளி வைத்தால், அவர்களுக்கு அடைக்கப்பட்ட கதவைப் பேரப்பிள்ளைகளுக்கு நாமே அடைத்தவர்களாவோம். களைய வேண்டியது ஆங்கிலத்தை அன்று. அது அவர்களுடையது, நாம் இரவல் வாங்குபவர்கள் என்ற எண்ணத்தையே களைய வேண்டும்.

ஐந்து நம்பிக்கைகள்

1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய காமன்வெல்த் மாநாடு ஒன்று நடைபெற்றது. அங்கு வேரூன்றிய ஐந்து நம்பிக்கைகளை ராபர்ட் பிலிப்சன் 1992இல் வெளியிட்ட நூலில் தொகுத்து, அவை ஐந்தும் பிழையானவை என்று வாதிட்டார். அவை:

1. ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியே மட்டும் கற்பிப்பதே சிறப்பு.
2. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே தலைசிறந்த ஆசிரியர்.
3. எவ்வளவு இளமையில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று.
4. எவ்வளவு அதிக நேரம் கற்பிக்கிறோமோ அவ்வளவு நன்று.
5. பிற மொழிகளைப் பயன்படுத்தினால் ஆங்கிலத்தின் தரம் தாழும்.

இவற்றுள் எத்தனை இன்றும் நம் ஆசிரியர் அறைகளில் உலவுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளியான தம் நூலில் ஓர் அருமையான செய்தியைத் தருகிறார். அமெரிக்கப் பாடநூலைப் படித்த தமிழ் மாணவர்கள் வகுப்பில் அமைதியாக இருந்தார்களாம். ஆனால் புத்தகத்தின் ஓரங்களில் தங்கள் சொந்த வாழ்வைச் சார்ந்த படங்களையும் குறிப்புகளையும் எழுதி நிரப்பியிருந்தார்களாம். பாடநூலில் இடம் கிடைக்காத வாழ்க்கை ஓரத்தில் வந்து குடியேறியது!

நம் நாட்டிலும் ஐரோப்பிய மன்றத்தின் சி.இ.எஃப்.ஆர். அளவுகோலை ஒட்டிய பாடத்திட்டம் 2017இல் தொடங்கியது. அதையொட்டி வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கிலப் பாடநூல்கள் வகுப்பறைக்கு வந்தன. அவை நன்கு வடிவமைக்கப்பட்டவை; அதில் ஐயமில்லை. ஆனால் அந்த உலகில் நம் பிள்ளைகள் விருந்தினர்களே. தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒருசேரக் கற்கும் பிள்ளையின் வாழ்க்கை அதில் எங்கே இருக்கிறது?

ஏன் பிலிப்பைன்ஸ்?

பரிமாற்றம் என்றால் நமக்குப் பழகிய திசை ஒன்றுதான். 1951 முதல் 1962 வரை மலாயாவின் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் இங்கிலாந்தின் கெர்க்பி கல்லூரிக்குக் கப்பலேறினர். துங்கு அப்துல் ரஹ்மான் 1956இல் சுதந்திர நாளைப் பற்றிய செய்தியை அவர்களிடம்தான் முதலில் அறிவித்தார். அக்கல்லூரி நாட்டுக்கு நல்லாசிரியர்களைத் தந்தது. ஆயினும் கற்பிப்பவர் அங்கே, கற்பவர் இங்கே என்ற ஏற்பாடு அது.

பிலிப்பைன்ஸ் மாணவர்களின் நிலை நம்மைப் போன்றது. 1901இல் 'தாமஸ்' என்ற கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் அங்கு வந்திறங்கி ஆங்கிலவழிப் பள்ளிகளைப் பரப்பினர். அவர்களும் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழிகளும் பேசுபவர்கள். நேர வேறுபாடும் இல்லை. ஆசியான் சாசனத்தின் 34ஆம் பிரிவு ஆங்கிலத்தையே அமைப்பின் பணிமொழியாகக் கொண்டுள்ளது. நாளை நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசப்போவது பெரும்பாலும் மணிலாக்காரரோடும் பாங்காக் நகரத்தவரோடும்தான்.

வகுப்பில் நிகழ்ந்தவை

முதற் சந்திப்பில் இரு வகுப்புகளும் கூச்சத்தால் மௌனம் சாதித்தன. இரண்டாவது வாரம் ஒரு பிலிப்பினோ மாணவி 'கம்ஃபர்ட் ரூம்' போய் வருகிறேன் என்றாள். எங்கள் பிள்ளைகள் ஓய்வறை என்று நினைத்துக்கொண்டனர். கழிப்பறை என்று அறிந்ததும் இரு பக்கமும் ஒரே சிரிப்பு. பதிலுக்கு எங்கள் பிள்ளைகளின் 'ஹேண்ட்ஃபோன்' அவர்களுக்குப் புதிராயிற்று. பொருள் விளங்காதபோது திரும்பக் கேட்பதும், வேறு சொல்லால் விளக்குவதும் தானே நடந்தன. பாடநூல் உரையாடலில் அதற்கு வாய்ப்பே இல்லை. அங்கே எல்லாரும் எல்லாவற்றையும் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொரு நாள் 'ஓப்பன் த லைட்' என்று இரு வகுப்பினருமே சொல்வது தெரியவந்தது. ஏன்? மலாயில் 'பூக்கா லம்பு', தகாலோக்கில் 'புக்சான் ஆங் இலாவ்'. இரண்டிலும் விளக்கைத் 'திறக்க' வேண்டும். தமிழில் நாம் விளக்கைப் 'போடுகிறோம்'. இதைக் கரும்பலகையில் நிரல்படுத்திய பின், பொது ஆங்கிலத்தில் 'சுவிட்ச் ஆன்' என்பதே வழக்கு, தேர்வில் அதைத்தான் எழுத வேண்டும் என்று கூறினேன். ஆண்டுக்கணக்கில் சிவப்பு மையால் திருத்தியும் போகாத பிழை அன்று பலரிடம் போயிற்று. பிழையை மறைக்கவும் இல்லை, பழிக்கவும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். மாம்பழத்தை அவர்கள் 'மாங்கா' என்பதும், அச்சொல்லின் வேர் தமிழ் என்பதும் தெரிந்தபோது பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய பெருமிதத்தைச் சொல்லவும் வேண்டுமோ!

அக்டோபர் இறுதியில் 'டிராமி' புயல் பத்தாங்காஸைத் தாக்கியது. ஒரு வாரமாகத் தோழர்களிடமிருந்து செய்தி இல்லை. என் வகுப்பில் ஒரு மாணவன் உண்டு. ஆங்கிலப் பாடத்தில் பெயர் கேட்டால் மட்டும் பேசுவான். அவன் இடைவேளையில் என்னிடம் வந்து, "டீச்சர், நான் ஒரு வாய்ஸ் அனுப்பலாமா?" என்று கேட்டான். உங்கள் வீடு நன்றாக இருக்கிறதா, தண்ணீர் உள்ளே வந்ததா, உன் நாய் எங்கே என்று மூன்று கேள்விகளைத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பதிவு செய்தான். இலக்கணம் முழுமையாக இல்லை. நான் திருத்தவில்லை. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: வீட்டில் சேறு, நாய் நலம். அதன்பின் அம்மாணவன் வகுப்பில் பேசுகிறான். அதுவரை அவனுக்கு ஆங்கிலத்தில் கேட்பதற்கென்று ஒரு கேள்வி இருந்ததில்லை.

தேர்வு என்ன ஆகும்?

இது நியாயமான கேள்வி. யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டாலும் எஸ்.பி.எம். காத்திருக்கிறது. ஆண்டிறுதி மதிப்பீட்டில் என் மாணவர்களின் எழுத்துத்திறன் பெரிதாக உயர்ந்துவிடவில்லை, தாழவும் இல்லை. கேட்டலிலும் பேச்சிலும் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. கூட்டத்தில் வினவிய தந்தை இன்றும் முழுமையாக உடன்படவில்லை. "அடுத்த வருசம் இங்கிலாந்துப் பள்ளியையும் சேர்த்துக்கிங்க டீச்சர்" என்கிறார். சேர்க்கலாம், தவறில்லை. அங்குள்ள பிள்ளைகளும் நம்மிடம் கற்க வரவேண்டும் என்பதே என் நிபந்தனை.

தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

1. கேள்வி கேட்கும் உரிமை இரு வகுப்புக்கும் சமமாக இருக்கட்டும். ஒருவர் உடையணிந்து நடனமாட, மற்றவர் கைதட்டும் 'பண்பாட்டு விழா'வாக்கி விடாதீர்கள்.
2. தலைப்புகளை இரு ஆசிரியரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.
3. இணைய வேகத்தை நம்ப வேண்டாம். குரல்பதிவே போதும், கூச்சமுள்ள பிள்ளை மூன்று முறை பதிவு செய்து பார்க்கலாம்.
4. பிள்ளைகளின் எண்களைப் பகிராதீர்கள். ஆசிரியர் கைப்பேசி வழியாகவே எல்லாம் நடக்கட்டும். பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் தேவை.
5. முன்தயாரிப்பில் தமிழைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எதைச் சொல்ல வேண்டும் என்பதைத் தமிழில் சிந்தித்த பிள்ளைதான் ஆங்கிலத்தில் சொல்ல முனைகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "இன்று ஆங்கிலத்தில் எத்தனை மதிப்பெண்?" என்று கேட்கும் நாளில், "இன்று யாரிடம் என்ன கேட்டாய்?" என்றும் ஒரு முறை கேளுங்கள். பதிலைத் தமிழிலேயே சொல்லட்டும்.

வரும் பருவத்தில் இந்தோனேசியப் பள்ளி ஒன்றோடு இணைய முயன்று வருகிறேன். உடன் இணைய விரும்பும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இருந்தால் மகிழ்வேன்.