முள் விழுந்தது பெட்ரோல் தீர்ந்ததால் அல்ல

உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் நிலத்தை உழுது போட்டுட்டு மழைக்காகக் காத்திருக்கோம். எங்க குருவிகுளம் கரிசல்காட்டுல புரட்டாசி மழை விழுந்த பிறகுதான் விதைப் பெட்டியைத் தொடுவோம். அந்த இடைவெளியில ஒரு கார் வேலை பார்த்தேன். அதைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதுறேன். ஊர்ல அப்பாவோட பழைய அம்பாசடரையோ பத்மினியையோ தார்ப்பாய் போட்டு மூடி வச்சுட்டு, சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிறவங்க இங்க நிறையப் பேர் படிக்கிறீங்க. உங்களுக்கு உதவும்.

கார் எங்க பெரியப்பாவோடது. 1984-ம் வருஷத்து அம்பாசடர், பெட்ரோல் வண்டி. 1993-ல் கோவில்பட்டியில பழைய வண்டியா வாங்கினார். தமிழ்நாட்டுல 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-ல். அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷம் எங்க தெருவுக்கு ஆம்புலன்ஸ் இந்தக் கார்தான். பிரசவ வலி, பாம்புக்கடி, எதுவானாலும் ராத்திரியில பெரியப்பா வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க.

இப்போ பெரியப்பாவுக்கு எழுபத்தி நாலு வயசு. ஆறு மாசமா கார் ஒரு புது வழக்கம் பழகியிருந்தது. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு இன்ஜின் அணைஞ்சிரும். ஓரங்கட்டி அஞ்சு நிமிஷம் நின்னா தானா ஸ்டார்ட் ஆகும். மூணு பட்டறைக்குப் போயாச்சு. காயில், கண்டென்சர், பாயிண்ட், பிளக், கடைசியா பெட்ரோல் பம்ப் வரைக்கும் மாத்தியாச்சு. ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல செலவு. வியாதி மட்டும் அப்படியே இருந்தது.

ஆவணியில ஒரு சாயங்காலம் பெரியம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத் திருநெல்வேலியில இருந்து திரும்புறாங்க. கோவில்பட்டிக்கு முன்னாடி நாலு வழிச் சாலையில, வலது பக்கத் தடத்துல போகும்போது இன்ஜின் நின்னுட்டு. பின்னாடி லாரி. பெரியப்பா ஹாரனை அமுக்கிக்கிட்டே, ஓடுற வேகத்துலயே இடது பக்கம் ஒதுக்கியிருக்கார். லாரி உரசாமப் போயிட்டு. அன்னையோட பெரியம்மா, "இனி இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்"னு சொல்லிட்டாங்க.

சென்னையில இருக்கிற அண்ணன் போன்ல பிடிவாதமா நின்னார். பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 600 ரூபாயில இருந்து 5,000 ஆக்கிட்டாங்க. "இவ்வளவு செலவழிச்சு உயிரையும் பணயம் வைக்கணுமா?"ன்னு அவர் கேட்டதுல நியாயம் இருந்தது. பழைய இரும்பு வியாபாரி வந்து விலை பேசி, ரெண்டாயிரம் ரூபாய் அச்சாரமும் கொடுத்துட்டுப் போயிட்டார். அடுத்த வாரம் வண்டியைத் தூக்கிட்டுப் போவார்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனா கிணத்து மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, டிராக்டர் ஒயரிங்னு முப்பது வருஷமா கரண்டோட மல்லுக்கட்டுறவன். ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் தனித்தனியா உட்கார வச்சு, அன்னைக்கு என்ன நடந்ததுன்னு கேட்டேன்.

பெரியப்பா சொன்னது: "ஹெட்லைட் எரிஞ்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஹாரனும் நல்லா அடிச்சுச்சு. ஓரங்கட்டறதுக்கு இண்டிகேட்டர் போட்டேன், அது மட்டும் எரியல."

பெரியம்மா சொன்னது: "வண்டி நிக்கும்போதெல்லாம் பெட்ரோல் முள்ளு கீழ விழுந்திரும்யா. ஒவ்வொரு வாட்டியும் பாக்குதேன். பொறவு வண்டி கிளம்பினா முள்ளும் மேல ஏறிரும். பட்டறையில இவுக சொன்னாக, முள்ளு விழுதுன்னா பெட்ரோல் வரலன்னு பம்பை மாத்திட்டாக."

பெரியம்மா சொன்ன அந்த முள்ளுலதான் பாதி விடை இருந்தது. ஏன்னு சொல்றேன்.

அம்பாசடர் இங்கிலாந்தோட மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாம் வரிசைக் காரில் இருந்து வந்தது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிச்சது. 2014 மே மாசம் உற்பத்தி நின்னுபோச்சு. பிரிட்டிஷ் கார் வம்சம்கிறதால ஒயரிங்கும் லூகாஸ் முறைதான். அந்த முறையில ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. பழுப்பு ஒயர் பேட்டரியில இருந்து நேரா வருது, எப்பவும் உயிரோட இருக்கும். வெள்ளை ஒயர்ல சாவியைத் திருப்பினாத்தான் கரண்டு வரும், அது காயிலுக்குப் போகுது. வெள்ளையில சிவப்புக் கோடு போட்டது ஸ்டார்ட்டருக்கு. பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் வழியாப் போறது. இண்டிகேட்டர், வைப்பர், பெட்ரோல் முள் எல்லாம் பச்சைக் குடும்பம். கறுப்பு எர்த்.

இப்போ அவங்க ரெண்டு பேர் சொன்னதையும் சேர்த்து வச்சுப் பாருங்க. ஹாரனும் ஹெட்லைட்டும் சாவியைக் கேட்காம ஓடுறவை. அவை வேலை செஞ்சிருக்கு. அப்படின்னா பேட்டரி, பேட்டரி முனை, பழுப்பு ஒயர் எல்லாம் நல்லா இருக்கு. இன்ஜின், இண்டிகேட்டர், பெட்ரோல் முள் மூணும் சாவிக்குப் பிறகு இருக்கிறவை. மூணும் ஒரே நேரத்துல செத்திருக்கு. மூணு வயலுக்கு ஒரே நேரத்துல தண்ணி நின்னா ஒவ்வொரு வயல் வரப்பையும் வெட்டிப் பார்க்க மாட்டோம். மூணுக்கும் பொதுவான மடையைத்தான் போய்ப் பார்ப்போம். இந்தக் காருக்கு அந்த மடை சாவி சுவிட்ச். காயிலோ பாயிண்டோ கெட்டிருந்தா இன்ஜின் மட்டும் நின்னிருக்கும், முள் விழுந்திருக்காது.

சந்தேகம் சரியான்னு பார்க்க ஒரு டெஸ்ட் லேம்ப் செஞ்சேன். 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு, ஹோல்டர், ரெண்டு ஒயர், ஒரு கிளிப், அவ்வளவுதான். மீட்டர் இருக்கும்போது பல்பு எதுக்குன்னு கேட்பீங்க. மீட்டர் கரண்டே இழுக்காது. ஒயர் உள்ளுக்குள்ள அறுந்து ஒரே ஒரு இழையில தொங்கினாலும் மீட்டர் 12 வோல்ட்னு காட்டும். பல்பு ரெண்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வழியில தடை இருந்தா மங்கலா எரிஞ்சு காட்டிக்கொடுத்திரும்.

சோதிச்ச வரிசை இதுதான். கியரை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துட்டு, சாவியை மட்டும் திருப்பினேன். பல்போட ஒரு முனையை இன்ஜின்ல எர்த் கொடுத்து, மறு முனையைக் காயில்ல எஸ்.டபிள்யூ. முனையில வச்சேன். பல்பு எரிஞ்சது, கொஞ்சம் மங்கல். அடுத்து ஃபியூஸ் பெட்டியில வெள்ளை ஒயர் வந்து சேர்ற ஏ3 முனை. அங்கேயும் அதே மங்கல். பழுப்பு ஒயர் சேர்ற ஏ1 முனையில பளிச்சுன்னு எரிஞ்சது. அப்போ கோளாறு இந்த ரெண்டுக்கும் நடுவுல, சுவிட்ச்ல இல்லைன்னா அதோட முதுகுல இருக்கிற முனைகள்ல.

பிறகு மீட்டரை எடுத்தேன். பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் காயில் எஸ்.டபிள்யூ. முனைக்கும் நடுவுல வச்சா, வழியில எவ்வளவு வோல்ட் தொலையுதுன்னு தெரியும். அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. இங்க ரெண்டேகால் வோல்ட் தொலைஞ்சது. இந்தச் சோதனையை நீட்டக் கூடாது. இன்ஜின் ஓடாம சாவி ஆன்ல கிடந்தா காயில் சூடேறும்.

கடைசிச் சோதனைக்குக் கருவியே வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி மெதுவா ஓட விட்டு, சாவியில தொங்கின கொத்தை விரலால ஆட்டினேன். மூணாவது ஆட்டத்துல இன்ஜின் இருமுச்சு, நாலாவதுல அணைஞ்சது. பெட்ரோல் முள் மெதுவாக் கீழ இறங்குச்சு. பக்கத்துல நின்ன பெரியம்மா, "இதத்தான்யா நான் சொன்னேன்"னாங்க.

அந்தக் கொத்துல என்னென்ன இருந்தது தெரியுமா? பம்ப்செட் ரூம் பூட்டுச் சாவி, குடோன் சாவி, ரெண்டு பீரோச் சாவி, பழைய ஸ்கூட்டர் சாவி, ஒரு பித்தளை வளையம். ரோட்டுல பள்ளம் வந்தா அத்தனை கனமும் சேர்ந்து சுவிட்சைக் குலுக்கும். முப்பது வருஷக் குலுக்கல்ல உள்ள இருக்கிற தொடர்பு தேய்ஞ்சிருச்சு.

இது பழைய அம்பாசடருக்கு மட்டும் உள்ள கதை இல்லை. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் இதே சாவி சுவிட்சுக்காகச் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சது. கனமான கொத்தோ முழங்கால் இடியோ பட்டா சாவி ஓடுற நிலையில இருந்து நழுவி, இன்ஜின் நிக்கும். பவர் ஸ்டீயரிங் போயிரும், ஏர்பேக்கும் விரியாது. அந்தக் கோளாறுக்காக 124 உயிரிழப்புகளுக்கு நஷ்டஈடு கொடுத்தாங்க. சாவிக் கொத்து சின்ன விஷயம்னு நினைக்கிறவங்க இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க.

பேட்டரி மைனஸைக் கழட்டி வச்சுட்டு சுவிட்சை வெளியே எடுத்தேன். பின்பக்கம் வெள்ளை முனை சூட்டுல கருகியிருந்தது. அந்த ஒரே முனையில டேஷ்போர்டு காத்தாடி, டேப் ரெக்கார்டர், முன்னாடி இருக்கிற ரெண்டு பனி விளக்கு எல்லாத்தையும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தியிருந்தாங்க. காயில் இழுக்கிறது நாலு ஆம்பியர் அளவு. 55 வாட் பனி விளக்கு ரெண்டும் சேர்ந்து ஒன்பது ஆம்பியர். மாட்டு வண்டியில லாரிப் பாரம் ஏத்தின மாதிரி.

இன்னொண்ணும் கிடைச்சது. பேட்டரியில இருந்து டேஷ்போர்டுக்கு அடியில ஒரு சின்ன சுவிட்ச், அங்கிருந்து நேரா காயிலுக்கு ஒரு சிவப்பு ஒயர். நடுவுல ஃபியூஸ் கிடையாது. இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல உள்ள தகட்டுல, ஓட்டை வழியா ரப்பர் வளையம்கூட இல்லாமப் போயிருந்தது. தகடு உரசி ஒயர்த் தோல் பாதி தேய்ஞ்சிருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ஞ்சிருந்தா பேட்டரியோட முழு பலமும் அந்த ஒயர்ல பாய்ஞ்சு தீப்பிடிச்சிருக்கும். பக்கத்துலயே பெட்ரோல் குழாய் வேற.

"இது எப்போ போட்டது பெரியப்பா?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "உன் சின்ன மதினிக்கு வலி வந்த ராத்திரி. சாவியில வண்டி கிளம்பல. திருவேங்கடத்துல இருந்து ஒரு பையனை எழுப்பிக் கூட்டிட்டு வந்து டைரக்ட் போட்டோம். அதாலதான் அன்னைக்குப் போய்ச் சேர்ந்தோம்."

அந்த ராத்திரிக்கு டைரக்ட் சரிதான், ஒரு உயிரு இல்ல, ரெண்டு உயிரு. ஆனா மறுநாள் காலையில கழட்டியிருக்க வேண்டிய ஒயர் இருபது வருஷமா அங்கேயே கிடந்திருக்கு. எங்க ஊர்க் கிணத்து மோட்டார்லயும் இதே கதைதான். ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுதுன்னு அதைத் தாண்டி டைரக்ட் கொடுப்பாங்க. ஏன் விழுந்ததுன்னு பார்க்க மாட்டாங்க. ஒரு நாள் மோட்டார் கருகிரும்.

வேலை ஒரு பகல்ல முடிஞ்சது. கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல படம் எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு ஒயர்லயும் காகிதத்துல பேர் எழுதி ஒட்டினேன். கோவில்பட்டியில புது சுவிட்ச் வாங்கினேன். முறுக்குற வேலையே இல்லாம எல்லா முனைக்கும் லக்கு வச்சு அமுக்கினேன். பனி விளக்குக்கு ஒரு ரிலேயும் தனி ஃபியூஸும் போட்டேன். இப்போ அந்த விளக்குக்காக சுவிட்ச் வழியாப் போறது கால் ஆம்பியர்கூட இல்லை. காத்தாடிக்கும் டேப்புக்கும் தனி ஃபியூஸ் கொடுத்தேன். சிவப்பு ஒயரை முழுசா உருவி எறிஞ்சேன். தகட்டு ஓட்டையில ரப்பர் வளையம் மாட்டினேன். மொத்தச் செலவு எழுநூத்தி முப்பது ரூபாய். மறுபடி மீட்டர் வச்சுப் பார்த்தப்போ தொலையுறது 0.3 வோல்ட்தான்.

உங்க வீட்டு வண்டிக்கும் இந்தச் சுருக்கம் உதவும். சாவியைத் திருப்பியும் ஒண்ணுமே எரியல, ஹாரனும் இல்லைன்னா, முதல்ல பேட்டரி முனைகளையும் எர்த் பட்டையையும் சுத்தம் பண்ணுங்க. ஹாரன் அடிக்குது, ஆனா சாவியில எதுவும் வரலைன்னா சுவிட்ச். டேஷ்போர்டு விளக்கு எரியுது, ஸ்டார்ட்டர் சுத்தலைன்னா சிவப்புக் கோடு போட்ட வெள்ளை ஒயரைத் தொடருங்க. சுத்துது, இன்ஜின் பிடிக்கலைன்னா காயில் முனையில பல்பை வையுங்க. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா சுவிட்ச் மேல பழி போடாதீங்க, பாயிண்ட் பக்கம் போங்க. நாப்பது வருஷ வண்டியில ஒயர் நிறத்தை மட்டும் நம்பாதீங்க, யாராவது கையில கிடைச்ச ஒயரைப் போட்டிருப்பாங்க. இதெல்லாத்துக்கும் முன்னாடி, வண்டி நின்னப்போ கூட இருந்தவங்களைக் கேளுங்க. ஓட்டுறவர் கண்ணு ரோட்டுல இருக்கும். பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்கதான் மத்ததைப் பார்த்திருப்பாங்க.

பெரியப்பா அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார். வியாபாரிக்கு வருத்தம்தான், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். கார்ச் சாவி இப்போ தனியா ஒரு நூல்கயித்துல இருக்கு, மத்த சாவியெல்லாம் ஆணியில தொங்குது. மூணு வாரமா சங்கரன்கோவில், கழுகுமலைனு தினம் ஓட்டிப் பார்க்கிறோம், ஒரு தடவைகூட நிக்கல. பெரியம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கல. "நாலு வழிச் சாலைக்கு ஐப்பசி முடியட்டும், அதுவரைக்கும் பஸ்"னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்ன கெடு நியாயமானதுதான்னு பெரியப்பாவும் ஒத்துக்கிட்டார்.