குத்தும் குடல்வாலும்

1926 அக்டோபர் 22, மான்ட்ரியால். பிரின்சஸ் தியேட்டரின் ஒப்பனை அறை. மாயவித்தைக்காரர் ஹாரி ஹூடினி சாய்ந்து படுத்திருக்கிறார். சில நாள் முன்புதான் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. வயிற்றில் எவ்வளவு பலமாகக் குத்தினாலும் தாங்குவீர்களாமே என்று கேட்ட மாணவர் ஒருவர், அவர் வயிற்றை இறுக்கிக்கொள்ளும் முன்பே குத்திவிட்டார். ஒரு குத்தல்ல, பல.

24ஆம் தேதி டெட்ராய்ட்டில் 104 டிகிரி காய்ச்சலோடு மேடை ஏறினார். மறுநாள் அறுவை. குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ். 31ஆம் தேதி இறந்தார், 52 வயதில். பெனிசிலின் கண்டறியப்பட இன்னும் 2 வருடம் இருந்தது.

குத்துதான் காரணமா? அடிபட்டால் குடல்வாலின் சுவரில் ரத்தம் கட்டலாம், வீங்கலாம், உள்வழி அடைபடலாம். அடைபட்டால் கிருமி பெருகும். நடக்கக்கூடியதுதான், ஆனால் அபூர்வம். குடல்வால் அழற்சியோ எந்த அடியும் இல்லாமலே யாருக்கும் வரும் நோய். இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததாலேயே ஒன்றிலிருந்து மற்றது வந்ததாகிவிடாது. எனக்குப் படுவது வேறு: குத்து வாங்கிய மனிதர் தன் வலியை அந்தக் குத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கன்றிப்போன தசையின் வலி அடிபட்ட இடத்திலேயே இருக்கும். நாளாக நாளாகக் குறையும். குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே கூடும். சாப்பாடு பிடிக்காது, குமட்டும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும். அடிபட்ட வயிறு தொட்ட இடமெல்லாம் வலிக்கும் என்பதால், அழுத்திப் பார்க்கும் மருத்துவரின் கையும் ஏமாறும். ஒருமுறை பார்த்தால் போதாது. சில மணி நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

இதை அடிக்கோடிட்டு வைக்கிறேன்: விபத்துப் பிரிவில் அவசரமாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட், வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று தேடுவதற்கு. குடல்வாலைத் தேடுவதற்கல்ல. ‘ஸ்கேன் நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு வலி கூடினால் திரும்பிப் போகத்தான் வேண்டும். சிடி ஸ்கேனில் வீங்கிய குடல்வால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் இடித்த பிள்ளை திட்டு விழும் என்று சொல்லாமல் இருக்கும். இரண்டு நாள் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் எங்கே விழுந்தாய் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். விழுவதற்கு முன்பே வலித்ததா? முதலில் எங்கே வலித்தது, இப்போது எங்கே?