கடைசி நூறு கிலோமீட்டருக்கு ஒரு வண்டி

என் மகள் வயிற்றுப் பேத்தி திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வாரம் முழுக்க பையர், சாம்பிள், ஷிப்மெண்ட் என்று அலைகிறவள், ஞாயிறு விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாராபுரம் ரோட்டில் போய்விடுவாள். 200 கிலோமீட்டர் பிரெவே முடித்தாள், பிறகு 300. அடுத்து 400, 600. அதற்கப்புறம் புனேயிலிருந்து கோவா வரைக்கும் போகும் டெக்கான் கிளிஃப்ஹேங்கர் பந்தயம் அவள் மனதில் இருக்கிறது. இதுவரை ஓட்டியதெல்லாம் சிநேகிதியின் வண்டி. “இனிமேல் சொந்தமா ஒண்ணு வேணுங்க அப்புச்சி, கடைக்கு நீங்களும் வாங்க” என்றாள். வாழ்நாளெல்லாம் துணி வெட்டிய கட்டிங் மாஸ்டருக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டேதான் கோயமுத்தூருக்குப் போனேன்.

பிரெவே என்பது முந்திக்கொண்டு ஓடுகிற பந்தயம் இல்லை. குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கிலோமீட்டருக்கு பதிமூன்றரை மணி, 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி. தூங்குவது, சாப்பிடுவது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளேதான். நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவரை சூப்பர் ராண்டனர் என்கிறார்கள். இதற்கும் மேலே போனால் அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் ராம் பந்தயம். ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர், தனியாக ஓட்டுகிறவருக்குப் பன்னிரண்டு நாள். ராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் 2016-இல் போய் முடிக்க முடியாமல் திரும்பினார். 2017-இல் மறுபடியும் போய், அதைத் தனியாக முடித்த முதல் இந்தியரானார். அந்த ஒரு வருஷம் அவர் எப்படி இருந்திருப்பார் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

கடையில் பார்த்தேன், வருகிறவர்களெல்லாம் முதலில் வண்டியை விரலால் தூக்கிப் பார்க்கிறார்கள். ஏழு கிலோ, எட்டு கிலோ என்று பேச்சு. கார்பன் ஃப்ரேம் விலை அலுமினியத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. நான் ஒரு கணக்குப் போட்டேன். ஆள், வண்டி, தண்ணீர், பை எல்லாம் சேர்ந்து 75 கிலோ. வண்டியில் ஒரு கிலோ குறைந்தால் மொத்தத்தில் 75-இல் ஒரு பங்குதான் குறைகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது அது கொஞ்சம் தெரியும். சமதரையில் தெரியவே தெரியாது. சமதரையில் நம்மைப் பிடித்து நிறுத்துவது காற்று.

காற்றைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற மேல்காத்துதான் பல்லடம், கேத்தனூர், பூளவாடி வரை காற்றாலைகளை வரிசையாக நிற்க வைத்திருக்கிறது. ஆடி மாதம் தாராபுரத்திலிருந்து குண்டடம் வழியாகப் பல்லடத்துக்கு சைக்கிள் மிதித்தவர்களைக் கேளுங்கள். காற்றின் தடை, எதிரே வரும் காற்றின் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. குனிந்து ஓட்டினால் குறையும். ஆனால் இருபது மணி நேரம் குனிந்திருக்க முதுகும் கழுத்தும் சம்மதிக்க வேண்டுமே. குறுகிய தூரப் பந்தயக்காரர்களின் வண்டியில் ஹேண்டில்பார் தாழ்ந்து, எட்டி இருக்கும். நெடுந்தூரத்துக்கு என்றே செய்த வண்டியில் அது சற்று உயர்ந்து, கைக்குப் பக்கத்தில் வரும். முதல் நூறு கிலோமீட்டரில் முன்னதுதான் வேகம். கடைசி நூறு கிலோமீட்டரில், குனிய முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டவரை அந்தத் தாழ்ந்த ஹேண்டில்பார் ஒன்றும் காப்பாற்றாது.

அதனால் முதலில் அளவு. எங்கள் காலத்தில் சைக்கிள் ஃப்ரேம் 20, 22, 24 அங்குலம் என்று வரும். பெருமாநல்லூர் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போய்வர நான் வண்டி வாங்கப் போனபோது எனக்கு 24-தான் வேண்டும். பெரிய மனிதர்கள் அதைத்தான் ஓட்டினார்கள். கடைக்காரர் என்னை பாருக்கு இரண்டு பக்கமும் காலூன்றி நிற்கச் சொன்னார். குதிகால் தரையை விட்டு எழும்பி நின்றது. “22 எடுத்துக்கப்பா, நைட் ஷிப்ட் விட்டுத் தூக்கக் கலக்கத்துல வர்றவனுக்கு ரெண்டு காலும் ஊனணும்” என்றார். 22 அவரிடம் அன்றைக்கு இல்லை. வேறு கடையின் பெயரைச் சொல்லி, வழியும் சொல்லி அனுப்பினார். எனக்கு அப்போது முகம் சுண்டிப்போயிற்று. அந்த 22 அங்குல வண்டி என்னை எத்தனையோ வருஷம் பத்திரமாக வீடு சேர்த்த பிறகுதான் அவர் செய்த உபகாரம் புரிந்தது. வந்த வியாபாரத்தை விட்டுக்கொடுத்து அறிமுகமே இல்லாத ஒரு பையனின் காலைப் பார்த்தார் அந்த மனுஷன்.

பேத்திக்கு அவள் அம்முச்சியை விட்டு கால் உள்ளளவு எடுக்கச் சொன்னேன். தோள் அகலமும் கை நீளமும் நானே எடுத்தேன். ஒரு கடையில் மீடியம் சைஸுக்கு நல்ல தள்ளுபடி. இவளுக்கு ஸ்மால்தான் சரி. “சீட்டை முன்னால தள்ளிக்கலாம்” என்றார்கள். ரெண்டு செண்டிமீட்டர் பெரிதாய்ப் போன பனியனைப் போட்டுக்கொள்ளலாம். ரெண்டு செண்டிமீட்டர் பெரிதான வண்டியில் ராத்திரி முழுக்க உட்கார முடியாது. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

அடுத்தது ரிப்பேர். 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்புகிற 1,200 கிலோமீட்டர் பந்தயம் முதன்முதலாக நடந்தபோது ஜெயித்தவர் ஷார்ல் தெரோன். ஏறக்குறைய 71 மணி நேரம். அவர் வண்டியில் இருந்தது, கழற்றி மாட்டும்படி மிஷெலின் செய்திருந்த காற்று டயர். பஞ்சர் ஆகாத வண்டி யாரிடமும் இல்லை. வழியில் சரிசெய்யக்கூடிய வண்டி அவரிடம் இருந்தது. அதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். வெள்ளகோவிலில் ராத்திரி பதினோரு மணிக்கு டயர் கிழிந்தால் என்ன கிடைக்கும்? சாதாரண சைக்கிளின் டயரையும் 28 அங்குலம் என்கிறார்கள், இந்த ரோடு பைக்கின் 700-சி டயரையும் 28 என்கிறார்கள். ஆனால் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் முதலதில் 635 மில்லிமீட்டர், அடுத்ததில் 622. ஒன்று மற்றதற்குச் சேராது. பிரெஸ்டா வால்வுக்குக் கடைப் பம்பும் பொருந்தாது. கட்டைவிரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று பையில் வேண்டும். கியர் தொங்குகிற ஹேங்கரும் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அது வண்டிக்கு வண்டி வேறு. வளைந்துவிட்டால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்காது.

டயர் 32 மில்லிமீட்டர் அகலம் போகிற ஃப்ரேமாகப் பார்த்தோம். முன்பு 23-இல் கல் மாதிரிக் காற்றடித்து ஓட்டினார்கள். அகலமான டயரில் காற்றைக் குறைத்து ஓட்டலாம்; ரோட்டின் அதிர்வு கைக்கும் தோளுக்கும் ஏறாது. கியர், முன்னால் சின்னச் சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 34. அதாவது மிதி ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிய காலோடு கோத்தகிரி மலை ஏற அது வேண்டும்.

துணி விஷயத்தில் மட்டும் நான் வாய் மூடவில்லை. பருத்தியால் பிழைத்த ஊர்க்காரன்தான் நான். இருந்தாலும் இந்த வேலைக்குப் பருத்தி ஆகாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு தோலை உரசும். பேட் வைத்த ஷார்ட்ஸை உள்பக்கம் திருப்பி, தையலைத் தடவிப் பார்த்தேன். ஓவர்லாக் மேடு கைக்குத் தட்டினால் அதை வைத்துவிட வேண்டியதுதான். ஃபிளாட்லாக் போட்டுத் தட்டையாக இருக்க வேண்டும். சீட்டும் அப்படித்தான். உட்காரும் எலும்பின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். பெண்களுக்கு அந்த அகலம் பெரும்பாலும் கூடுதல். மெத்தென்று இருப்பது கடையில் சுகம், பத்து மணி நேரம் கழித்து வலி.

அன்றைக்கே வாங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. “கழுவிப் பார்க்காத துணியை நான் என்னைக்காவது வெட்டியிருக்கேனா அம்முணி?” என்று கேட்டேன். சுருக்கம் தெரியாமல் வெட்டினால் லாட் முழுக்கப் போய்விடும். அதே சைஸ் வண்டியை ஒரு கடையில் கேட்டு, பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தாள். வலது உள்ளங்கை மரத்தது. ஹேண்டில்பாரைத் தாங்குகிற ஸ்டெம்மை மாற்றச் சொன்னோம். அப்புறம்தான் பணம் கட்டினோம். அலுமினிய ஃப்ரேம், கார்பன் ஃபோர்க். முழுக் கார்பன் எடுக்காததில் மிச்சமான பணத்தில் முன்சக்கர ஹப்பில் டைனமோ வைத்தோம். ராத்திரி முழுக்க விளக்கு எரியும், போனுக்கும் சார்ஜ் ஏறும். ராத்திரியில் தனியாக ஓட்டுகிற பெண்ணுக்கு சார்ஜ் தீராத போன் வேண்டும். அதற்கு எவ்வளவு செலவானாலும் தகும்.

600-க்கு முன்னால் ஒரு முழு ராத்திரி அதில் ஓட்டிப் பார்க்க வேண்டியது பாக்கி. பிரெவேயில் துணைக்கு வருகிற கார் கண்ட்ரோல் பாயிண்டில் மட்டும்தான் உதவலாம், வழியெல்லாம் பின்னால் வரக்கூடாது. பயிற்சிக்கு அந்தத் தடை இல்லை. கரூர் வரைக்கும் காரில் பின்னாலேயே வருவதாக அவள் அப்பா சொல்லியிருக்கிறார்.