மிலனில் பெயர் கொடுத்தவர்

386 ஆகஸ்ட், மிலன்

தோட்டத்து அத்தி மரத்தடியில் அழுது தீர்த்துவிட்டு எழுந்த அகுஸ்தினார், வீட்டுக்குள் போய் முதல் வேலையாகத் தாய் மோனிக்காவிடம் செய்தியைச் சொன்னார். நண்பர் அலிப்பியுஸ் கூடவே போனார். அகுஸ்தினாரின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளைக் குரல் கேட்டது, பவுலின் உரோமையர் திருமுகத்தைத் திறந்து வாசித்தார், மனம் மாறினார், அவ்வளவுதான். புதிதாக விசுவாசத்துக்குள் வருகிறவர்களுக்குத் தேவையான கதையோ இதற்குப் பிறகுதான் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கும் திருமுழுக்குத் தொட்டிக்கும் நடுவில் ஏறத்தாழ எட்டு மாதங்கள் கிடக்கின்றன.

அப்போது அவருக்கு வயது 31. அரசுச் சம்பளத்தில் பேச்சுக்கலை கற்பிக்கும் ஆசிரியர். அந்த வேலையை விட்டுவிட முடிவு செய்துவிட்டார். ஆனால் மறுநாளே ஊரறிய உதறவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புகளை முடித்தார். விடுமுறை கழிந்ததும், வேறு ஆசிரியரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மிலன்வாசிகளுக்குத் தெரிவித்தார். இதைக் குறை சொல்பவர்கள் இருக்கலாம் என்று பிற்காலத்தில் அவரே 'ஒப்புதல்கள்' நூலில் எழுதினார். குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. புதிதாக விசுவசிக்கிறவர் முதல் வாரமே வேலையையும் வீட்டையும் தலைகீழாக்கிக் காட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், இந்த நிதானத்தைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

386 இலையுதிர்காலம், காசிசியாகும்

வெரெகுந்துஸ் என்ற நண்பர் தம் பண்ணை வீட்டைத் தந்திருந்தார். தாய், மகன் அதெயோதாத்துஸ், அண்ணன் தம்பி உறவுகள், அலிப்பியுஸ், லிசென்சியுஸ், திரிகேசியுஸ் என்ற இரண்டு மாணவர்கள் என வீடு நிறைய ஆட்கள். பகலில் வெர்ஜிலின் கவிதை வாசிப்பார்கள். பிறகு உண்மை, இன்பம், ஒழுங்கு பற்றி விவாதிப்பார்கள். சுருக்கெழுத்தர் ஒருவர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். நவம்பர் 13 அன்று அகுஸ்தினாரின் பிறந்தநாள். வயிற்றுக்குப் பாரமில்லாத மதிய உணவுக்குப் பிறகு தொடங்கிய பேச்சு மூன்று நாள் நீண்டு, இன்பமான வாழ்வு பற்றிய ஒரு சிறு நூலாயிற்று. படிப்பறிவு அதிகமில்லாத மோனிக்காவும் அந்த விவாதங்களில் பேசினார். அவர் கேட்ட கேள்வியையும் அவர் பெயரோடு எழுதச் சொன்னார் மகன்.

ஒரு நாள் இரவு லிசென்சியுஸ் கழிப்பிடத்தில் உட்கார்ந்துகொண்டு உரத்த குரலில் திருப்பாடல் ஒன்றைப் பாடினான். எங்களை உம்மிடம் திருப்பும் என்று கடவுளிடம் வேண்டும் பாடல் அது. மெட்டு அவனுக்குப் புதிது, வாயை விட்டு இறங்கவில்லை. பாடுகிற இடமா இது என்று மோனிக்கா கடிந்துகொண்டார். எதிரி என்னை இங்கே அடைத்து வைத்தால் கடவுள் என் குரலைக் கேட்கமாட்டாரா என்று பையன் திருப்பிக் கேட்டான். மறுநாள் காலையில் அவனே வந்து அகுஸ்தினாரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. பாடலின் பொருள் அந்தப் பையனுக்குள் இறங்குகிறதே என்பதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

இதே வீட்டில்தான் அவரை ஒரு பல்வலி வாட்டி எடுத்தது. வாய் திறந்து பேச முடியவில்லை. மெழுகுப் பலகையில், எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதி நீட்டினார். எல்லாரும் முழங்காலிட்டதுமே வலி பறந்துபோனதாக எழுதுகிறார். ரோமப் பேரரசின் மேடைகளில் பேசிப் பேர் வாங்கியவர், தமக்காக மற்றவர்கள் பேசவேண்டும் என்று கேட்ட நாள் அது. வலி போனதைவிட அப்படி அவர் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே மாதங்கள்: எசாயா

திருமுழுக்குப் பெற விரும்புவதாக மிலன் ஆயர் அம்புரோசுக்குக் கடிதம் எழுதினார். மறைநூலில் எதை முதலில் வாசிக்கலாம் என்றும் கேட்டார். எசாயாவை வாசியுங்கள் என்று பதில் வந்தது. திறந்தார், தொடக்கமே புரியவில்லை. மீதியும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி மூடி வைத்துவிட்டார். ஆண்டவரின் மொழி பழகிய பிறகு மறுபடி எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

விவிலியத்தை முதல் தடவையாகக் கையில் எடுத்து, பாதியில் விட்டுவிட்டு, அதைச் சொல்ல வெட்கப்படுகிற எத்தனையோ பேர் நம் பங்குகளில் இருக்கிறார்கள். திருச்சபையின் மாபெரும் மறைநூல் விளக்கவுரையாளர்களில் ஒருவர் தொடங்கியதும் இப்படித்தான். அவருக்கு அந்த நாட்களில் கைகொடுத்தவை திருப்பாடல்கள். அவற்றை வாசிக்க வாசிக்க உள்ளம் கொதித்தது என்கிறார்.

387 தவக்காலம், மிலன்

குளிர் இன்னும் விடவில்லை. உடலை ஒடுக்கப் பழகிவந்த அலிப்பியுஸ் இத்தாலியின் உறைந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தார். மூன்று பேர் திருமுழுக்குக்குப் பெயர் கொடுத்தார்கள்: அகுஸ்தினார், அலிப்பியுஸ், ஏறக்குறைய 15 வயது மகன் அதெயோதாத்துஸ். தகப்பனும் மகனும் ஒரே வரிசையில் நின்று மறைக்கல்வி கேட்டார்கள்.

அம்புரோஸ் தவக்காலத்தில் முதலில் சொல்லிக்கொடுத்தது அன்றாட நடத்தையை. ஆபிரகாம் முதலான குலமுதல்வர்களின் வாழ்வும் நீதிமொழிகளும் வாசிக்கப்பட்டன. எப்படி வாழ்வது என்பதுதான் பாடம். விசுவாசப் பிரமாணத்தைப் பாஸ்கா நெருங்கும்போதுதான் ஒப்படைப்பார்கள். அதையும் எழுதிக்கொள்ளக் கூடாது, மனப்பாடமாகத்தான் வைத்திருக்கவேண்டும்.

387 ஏப்ரல் 24 இரவு

எட்டுப் பக்கத் தொட்டி. அதன் அடித்தளத்தை மிலன் பேராலயத்துக்கு அடியில் இன்றும் போய்ப் பார்க்கலாம். முதலில் சாத்தானை விலக்கினார்கள். பிறகு தந்தையில், மகனில், தூய ஆவியாரில் விசுவசிக்கிறாயா என்ற மூன்று கேள்விகளுக்கும் விசுவசிக்கிறேன் என்று சொல்லி மூன்று முறை மூழ்கினார்கள். கரையேறியவர்களின் பாதங்களைக் கழுவுவது மிலன் வழக்கம். ரோமையில் அந்த வழக்கம் இல்லை என்று தெரிந்தும் அம்புரோஸ் அதை விடவில்லை. பிறகு வெள்ளாடை, நற்கருணை.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த இரவைப் பற்றி 'ஒப்புதல்கள்' சொல்வது மிகக் கொஞ்சம். திருமுழுக்குப் பெற்றோம், பழைய வாழ்வின் கவலை அகன்றது, அவ்வளவே. ஆனால் அந்த நாட்களில் ஆலயத்தில் கேட்ட பாடல்களைப் பற்றி மட்டும் மனம் உருகி எழுதுகிறார். கேட்கக் கேட்கக் கண்ணீர் வழிந்ததாம். அந்தப் பாடல்முறையே மிலனுக்கு அப்போது புதிது. அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னர், அரசத்தாய் யுஸ்தீனாவின் நெருக்கடியால் ஆயரோடு மக்கள் ஆலயத்துக்குள்ளேயே இரவுபகலாகத் தங்கவேண்டியிருந்தது. அவர்கள் சோர்ந்துபோகாமல் இருக்கக் கீழைத் திருச்சபைகளின் பாணியில் பாடப் பழக்கினார்கள்.

பாஸ்காவுக்குப் பிந்தைய நாட்களில் அம்புரோஸ் மறுபடி பாடம் எடுத்தார். அனுபவித்தது என்ன என்பதை அனுபவித்த பிறகு விளக்கினார்.

387, ஓஸ்தியா

ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில், துறைமுக ஊரான ஓஸ்தியாவில் மோனிக்கா காய்ச்சலில் விழுந்தார். ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது, வயது 56. என் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது. அதெயோதாத்துஸ் வாய்விட்டுக் கதறினான், அடக்கினார்கள். உடனிருந்த நண்பர் எவோதியுஸ் திருப்பாடல் ஒன்றை எடுத்தார், வீடே பதில் பாடியது.

அகுஸ்தினார் அழவில்லை. விசுவசிக்கிறவன் அழலாமா என்று தம்மைத் தாமே இறுக்கிக்கொண்டார். குளித்தால் துயரம் குறையும் என்று குளியலகத்துக்குப் போனார், குறையவில்லை. தூங்கி எழுந்தபோது, படுக்கையில் தனியாக இருக்கையில், அம்புரோஸ் எழுதிய மாலைப் பாடல் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அழுதார். மிலன் ஆலயக் கூட்டத்தில் ஒருவராக நின்று கேட்ட பாட்டு, அங்கே கேட்ட மறையுரைகளுக்கு முன்னால் துணைக்கு வந்தது.

391, ஹிப்போ

ஆப்பிரிக்கா திரும்பிய அகுஸ்தினார் நண்பர் ஒருவரைப் பார்க்க ஹிப்போ நகருக்கு வந்தபோது, மக்கள் அவரைப் பிடித்து நிறுத்திக் குருவாக்கிவிட்டார்கள். திருமுழுக்குப் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நூல்கள் பல எழுதியிருந்தார். ஆனாலும் அவ்வூர் ஆயர் வலேரியுசுக்குக் கடிதம் எழுதினார்: மறைநூலைப் படிக்க எனக்குப் பாஸ்கா வரையாவது அவகாசம் கொடுங்கள்.

சுமார் 400, ஹிப்போ

இப்போது அவரே ஆயர். கார்த்தேஜிலிருந்து தெயோகிராசியாஸ் என்ற தியாக்கோன் எழுதிக் கேட்கிறார்: புதியவர்களுக்குப் பாடம் சொல்லும்போது என் பேச்சு எனக்கே சலிக்கிறது, என்ன செய்வது? பதிலாக ஒரு நூலே எழுதினார் அகுஸ்தினார். வந்தவர் எதற்காக வந்தார் என்று கேளுங்கள். கேட்பவர் கொட்டாவி விட்டால் பேச்சை மாற்றுங்கள். சொல்கிறவர் மகிழ்ச்சியோடு சொன்னால்தான் கேட்பவருக்கும் பிடிக்கும். ஆப்பிரிக்க ஆலயங்களில் மக்கள் நின்றுகொண்டே கேட்பது வழக்கம். வெகுநேரம் நின்று களைத்தவருக்கு உட்கார இடம் கொடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் போய்விடுவார், போன காரணத்தைச் சொல்லவும் கூச்சப்படுவார் என்று எழுதுகிறார்.

பெரியவர்களைத் திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்யும் இந்தப் பழைய படிநிலைகளைக் கத்தோலிக்கத் திருச்சபை 1972இல் மீண்டும் ஒழுங்குபடுத்தியது. பாஸ்காவுக்குப் பிந்தைய வாரங்களும் அந்த ஆயத்தத்தில் அடங்கும். நம்மிடையே பல இடங்களில் அந்தப் பின்வாரங்கள்தான் விடுபட்டுப்போகின்றன. வெள்ளாடையோடு படம் எடுத்துக்கொள்வதோடு சரி. உங்கள் பங்கில் சென்ற பாஸ்காவில் திருமுழுக்குப் பெற்றவர் யார் என்று விசாரியுங்கள். வரும் ஞாயிறு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எசாயா புரியவில்லை என்று அவர் சொன்னால், திருப்பாடல்களைச் சேர்ந்து வாசிக்கலாம் வாருங்கள் என்று கூப்பிடுங்கள்.