கல்குவாரி காப்பாற்றிய எஞ்சின்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடமேற்கே சுமார் 25 மைல் தூரத்தில் லோவல் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் பஞ்சாலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே டட்டன் தெருவில் ஒரு கறுப்பு நீராவி எஞ்சின் நிற்கிறது. எண் 410. கூடவே ஒரு பழைய பயணிகள் பெட்டி.

பார்த்ததும் அசந்து போகும்படியான எஞ்சின் இல்லை இது. எக்ஸ்பிரஸ் வண்டியை இழுத்துக்கொண்டு சீறிப் பாய்ந்த வீரப் பரம்பரையும் இல்லை. ஷண்டிங் எஞ்சின். யார்டில் இந்தப் பெட்டியை அந்தப் பக்கம் தள்ளு, அந்தப் பெட்டியை இந்தப் பக்கம் இழு என்று நாள் முழுக்க மாரடிக்கும் ஜாதி. விரைவு எஞ்சின்களுக்கு முன்பக்கம் வளைவுகளில் வழிகாட்டச் சின்னச் சக்கரங்கள் இருக்கும். இதற்குக் கிடையாது. இருப்பது ஆறு பெரிய சக்கரங்கள், ஆறும் இயக்கும் சக்கரங்கள். வேகம் வராது, ஆனால் மொத்த எடையும் அந்த ஆறின் மேல் இறங்குவதால் கனமான பெட்டிகளை வழுக்காமல் நகர்த்தும்.

இதைப் போய் ஏன் பாதுகாத்து வைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும். ஏனென்றால் அந்த ஊரின் ரயில் கதையே கொஞ்சம் கோணலானது.

லோவல் தானாக வளர்ந்த ஊர் அல்ல. மெர்ரிமாக் ஆறு அந்த இடத்தில் சுமார் 30 அடி இறங்குகிறது. பாஸ்டன் முதலாளிகள் அந்த இறக்கத்தைப் பார்த்துவிட்டு, 1820களில் கால்வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பி, அதன் விசையில் தறிகளை ஓட்டினார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த பிரான்சிஸ் காபட் லோவல் 1817-லேயே இறந்துவிட்டார். தன் பெயரில் ஒரு ஊர் வரப்போவதே அவருக்குத் தெரியாது.

பஞ்சு தெற்கிலிருந்து பாஸ்டனுக்குக் கப்பலில் வரும். அங்கிருந்து ஆலைக்கு? மிடில்செக்ஸ் கால்வாய். 1803-இல் திறந்த, 27 மைல் நீளமுள்ள படகுக் கால்வாய் இது. தறி ஓட்டும் கால்வாய்கள் வேறு. கோடையில் பிரச்சினை இல்லை. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும், படகு நின்றுவிடும். ஆலை நிற்குமா? நிற்காது. அதனால் ஆலை முதலாளிகள் ரயில் பாதை கேட்டார்கள். கால்வாய்க்காரர்கள் எதிர்த்தார்கள். அது நடக்கவில்லை. 1830-இல் பாஸ்டன் அண்ட் லோவல் ரயில்பாதைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. 1835-இல் வண்டி ஓடத் தொடங்கியது.

இதில்தான் தமாஷ். பாதைக்காக இங்கிலாந்தின் ராபர்ட் ஸ்டீபன்சன் கம்பெனியிலிருந்து 'ஸ்டீபன்சன்' என்றே பெயருள்ள ஒரு எஞ்சினை வாங்கினார்கள். கப்பலில் பாஸ்டன் வந்தது. அதைக் கழற்றிப் பாகம் பாகமாக லோவலுக்கு அனுப்பி, அங்கே பூட்டினார்கள். எதில் அனுப்பினார்கள் என்று நினைக்கிறீர்கள்? மிடில்செக்ஸ் கால்வாயில், படகில்! சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதையும் தாண்டி, கூலி வாங்கிக்கொண்டு சூனியத்தைச் சுமந்து வந்த கதை இது. 1850களின் தொடக்கத்தில் கால்வாயில் படகுகள் நின்றுபோயின.

அடுத்த கூத்து தண்டவாளம். பாதை போட்டவர்களுக்கு எல்லாமே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று ஆசை. மரக் கட்டைகள் மக்கிவிடும், கல் மக்காது. ஆகவே தண்டவாளத்துக்கு அடியில் கிரானைட். அந்தப் பக்கமெல்லாம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. கணக்கு சரிதான், ஆனால் எஞ்சினைக் கேட்கவில்லை. மரம் பாரம் ஏறும்போது துளி அமுங்கி, இறங்கியதும் பழையபடி எழும்பும். கல் அசையாது. ஒவ்வொரு அதிர்வையும் சக்கரத்துக்கும் அச்சுக்குமே திருப்பி அடித்தது. போதாததற்குக் குளிர்காலத்தில் நிலம் உறைந்து உப்பிக் கற்களை இடம் மாற்றியது. இரண்டாவது பாதையை மரக் கட்டைகள் மேல் போட்டபோது அது நன்றாக இருந்தது. அப்புறம் முதல் பாதைக்கும் மரமே வந்தது. என்றைக்குமாக என்று போட்டது சில வருஷங்கள்கூடத் தாங்கவில்லை.

எஞ்சினை எத்தனை நாள்தான் இங்கிலாந்திலிருந்தே வரவழைப்பது? லோவலின் இயந்திரப் பட்டறைக்கு 1834-இல் ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் என்ற பொறியாளர் வந்தார். தறி இயந்திரம் செய்த பட்டறையில், ஸ்டீபன்சன் எஞ்சினைப் பார்த்து அதே மாதிரி எஞ்சின்கள் செய்ய ஆரம்பித்தார்கள். (அதே வருஷம் அவருக்கு அங்கே பிறந்த மகன்தான் ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர். நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஓவியம் ஞாபகம் இருக்கிறதா, அவர்தான். அப்பா பிறகு ரஷ்யாவில் ரயில் பாதை போடப் போனார். மகன் வளர்ந்த பிறகு, தான் பிறந்தது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். பஞ்சாலை ஊரில் பிறந்தேன் என்று சொல்ல அத்தனை கூச்சம் :-))

1842-இல் சார்லஸ் டிக்கன்ஸ் இந்தப் பாதையில்தான் லோவல் போனார். அமெரிக்கப் பயணம் பற்றிய புத்தகத்தில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு இல்லை. ஆண்கள் பெட்டி, பெண்கள் பெட்டி என்று பிரிவு. கறுப்பர்களுக்குத் தனிப் பெட்டி. அதையும் எழுதினார். அந்த ரயிலில் வந்த பஞ்சு முழுக்கத் தெற்கே அடிமைகள் பறித்தது. அந்தப் பஞ்சில் நெய்த முரட்டுத் துணி திரும்பத் தெற்கே போய் அடிமைகளுக்கு உடையானது. அந்தத் துணிக்கே 'லோவல் துணி' என்று பெயர். பழைய எஞ்சின்களைப் பற்றி ஆசையாகப் பேசுபவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள்.

சரி, 410.

1887-இல் பாஸ்டன் அண்ட் லோவல் பாதை, பாஸ்டன் அண்ட் மெய்ன் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் கம்பெனிக்காக 1911-இல் செய்யப்பட்டது இந்த எஞ்சின். செய்த இடம் மான்செஸ்டர். இங்கிலாந்து மான்செஸ்டர் இல்லை. அதே மெர்ரிமாக் ஆற்றின் கரையில், லோவலுக்கு மேலே, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் மான்செஸ்டர். அதுவும் பஞ்சாலை நகரம்தான். ('தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' கோயம்புத்தூர்க்காரர்கள் கவனிக்க: அந்தப் பெயருக்கு உலகம் முழுக்கப் பங்காளிகள் இருக்கிறார்கள்.) 410 வெளியே வந்து இரண்டே வருஷத்தில், 1913-இல், அங்கே எஞ்சின் தயாரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு 1920களில் ஆலைகள் ஒவ்வொன்றாகத் தெற்கே போயின. கூலி அங்கே குறைவு. லோவலில் பூட்டு. ரயில் கம்பெனி டீசலுக்கு மாறியது. 1956-இல் நீராவி முழுக்க முடிந்தது. எஞ்சின்களை உடைத்துப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டார்கள். எத்தனையோ நூறு எஞ்சின்கள் ஓட்டிய கம்பெனியில் இன்று மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. அதில் 3713 பெரிய அழகி. 1934-இல் செய்த பயணிகள் எஞ்சின், பள்ளிக் குழந்தைகளுக்குப் போட்டி வைத்துப் பெயர் சூட்டினார்கள். அது இப்போது பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் அருங்காட்சியகத்தில். 494 வெர்மான்ட்டில், 1455 கனெக்டிகட்டில். நான்காவது 410.

அது தப்பித்தது யாருடைய ரசனையாலும் இல்லை. 1950-இல் அதை லோவலுக்குப் பக்கத்தில், செம்ஸ்ஃபோர்டில் இருந்த பிளெட்சர் கிரானைட் கம்பெனி வாங்கியது. குவாரியில் கல் ஏற்றிய வண்டிகளைத் தள்ள ஒரு எஞ்சின் வேண்டும், அவ்வளவுதான். வேகமோ அழகோ தேவையில்லை. கம்பீரமான எக்ஸ்பிரஸ் எஞ்சினை வாங்கிக் குவாரிக்காரர் என்ன செய்வார்? ஷண்டிங் எஞ்சின் என்பதாலேயே அதற்கு வேலை கிடைத்தது. வேலை இருந்ததால் உடைக்கப்படவில்லை. முதல் எஞ்சின்களின் எலும்பை முறித்த அதே கருங்கல், 410-க்குச் சோறு போட்டது.

அது குவாரிக்குப் போன பிறகு டட்டன் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே மெர்ரிமாக் ஆலைத் தொழிலாளிகள் தங்கிய வரிசை வீடுகள் இருந்தன. நகரச் சீரமைப்பு என்ற பெயரில் 1966-இல் இடித்துத் தள்ளினார்கள். சிலர் தடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்த இழப்புதான் ஊரை உறுத்தியது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று பேட்ரிக் மோகன் என்ற கல்வியாளர் பல வருஷம் பேசிப் பேசி, பால் சோங்காஸ் என்ற மக்களவை உறுப்பினர் மசோதா கொண்டுவந்து, 1978-இல் லோவல் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. 1993-இல் ரயில் வரலாற்று ஆர்வலர்கள் 410-ஐக் கொண்டுவந்து டட்டன் தெருவில் நிறுத்தினார்கள். வீடு போன தெருவுக்கு எஞ்சின் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்து நிறுத்துவது பெரிய வேலை, நிறுத்திய பிறகுதான் உண்மையான வேலை. கூரை இல்லாத இடத்தில் மழையும் பனியும் நேராக இறங்கும். நீராவி எஞ்சினில் பாய்லர் மேல் தகட்டு உறை இருக்கும். நீர் அதற்குள் இறங்கிவிட்டால் வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். ஓடுகிற எஞ்சினில் கோளாறு சத்தமாகத் தெரியும், நிற்கிற எஞ்சினில் தெரியாது. சுரண்டு, பூசு, மறுபடி சுரண்டு. இதற்கு ஆள் வேண்டும், காசு வேண்டும். நீராவி எஞ்சின்களை வேலையில் பார்த்த தலைமுறைக்கோ வயதாகிவிட்டது.

பாஸ்டனிலிருந்து லோவலுக்கு இன்றும் பயணிகள் ரயில் உண்டு. பெரும்பாலும் 1835-இல் போட்ட அதே வழித்தடம். நிலையத்தில் இறங்கி டட்டன் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். போகிறவர்கள் 410-இன் சக்கரங்களைக் குனிந்து பாருங்கள். அதற்கு அடியில் இருப்பது மரக் கட்டையா, கல்லா என்றும் ஒரு பார்வை.