புரோசார்ட்டுக்கு ஒரு மடிக்கணனிப் பயணம்

புதிதாகக் குடியேறிய எமது குடும்பங்கள் முதல் ஆண்டில் வாங்கும் பொருட்களில் பல, தெரிவு பிழைத்தாலும் பெரிய நட்டம் தருவதில்லை. மெத்தை கொஞ்சம் கடினமாக இருந்தால் பழகிவிடும். குளிர்ச்சட்டை அளவில் பெரிதென்றால் அடுத்த ஆண்டு பிள்ளைக்கு ஆகும். மடிக்கணனி அப்படியல்ல. அதன் விலை பல குடும்பங்களுக்கு ஒரு மாத வாடகையில் பாதி. அதை நம்பி ஒரு வேலை இருக்குமானால், பிழையான தெரிவு அந்த வேலையையே பாதிக்கும். எனவேதான், அண்மையில் ஒரு சகோதரிக்குத் துணையாக நாம் புரோசார்ட் நகரக் கடைகளுக்குப் போய்வந்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

யாழ்ப்பாணத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதியவர் அவர். இரண்டு பிள்ளைகளோடு புரோசார்ட்டில் ஒரு நிலக்கீழ் வீட்டில் குடியிருக்கிறார். பிரெஞ்சு படித்துக்கொண்டே தேடியதில், ஒரு சிறிய கொம்பனியில் கணக்குப் பதியும் வேலை கிடைத்திருந்தது. கிழமையில் இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து வேலை. அதற்குரிய கணனி தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. வேலை தொடங்க ஒன்பது நாட்களே இருந்தன.

"அண்ணை, அறுநூறு டொலருக்கு மேலே ஒரு சதமும் இல்லை. சீட்டு எடுத்த காசு" என்று தொலைபேசியில் முதலே சொல்லிவிட்டார்.

ஆற்றைக் கடந்து

நாம் இருப்பது கோட்-தெ-நேஜ் பகுதியில். அங்கிருந்து மெற்றோவில் பொனவெஞ்சர் நிலையம் வரை வந்து, நிலத்துக்கடியிலான நடைபாதையால் மத்திய நிலையத்துக்குப் போனால் புரோசார்ட் செல்லும் ரயிலைப் பிடிக்கலாம். 2023 யூலை 31 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பாதை இது. ரயிலுக்குச் சாரதி இல்லை. முன்பக்கத்தில் நின்றால் தண்டவாளம் எம்மை நோக்கி ஓடிவருவது போலிருக்கும். கன்னியாஸ்திரிகள் தீவு என்று பொருள்படும் பெயர்கொண்ட நிலையத்தைத் தாண்டியதும், 2019 இல் திறக்கப்பட்ட புதிய ஷம்ப்ளேன் பாலத்தின் நடுவால் சென் லோறன்ஸ் ஆற்றைக் கடக்கிறோம். மறுகரை புரோசார்ட்.

புதியவர்கள் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று: புரோசார்ட், போக்குவரத்துப் பிரிப்பில் 'பி' வலயத்தைச் சேர்ந்தது. மொன்றியல் தீவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் 'ஏ' வலயச் சீட்டு அங்கு உதவாது. 'ஏபி' சீட்டு எடுக்கவேண்டும்.

புரோசார்ட் 1958 இல் உருவான நகரம். அதன் முதல் மேயர் ஜோர்ஜ்-ஹென்றி புரோசார்ட் என்பவரின் பெயரே நகருக்கும் வந்தது. வயல் நிலமாகக் கிடந்த இடத்தில் திட்டமிட்டுக் கட்டப்பட்டதால் அதற்கு ஒரு வேடிக்கையான ஒழுங்கு உண்டு. நகரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்து. அந்தப் பகுதியில் உள்ள தெருப் பெயர்கள் அந்த எழுத்திலேயே தொடங்கும். முகவரியின் முதல் எழுத்தைப் பார்த்தே வீடு எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். சீனக் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் என்பதால் தஷ்ரோ வீதியில் அரிசி மூட்டைக்கும் மரக்கறிக்கும் குறைவில்லை.

பனாமா நிலையத்தில் சகோதரியும் மூத்த மகனும் ஏறிக்கொண்டார்கள். அடுத்த நிலையத்தில் இறங்கினோம். பத்தாம் இலக்க, முப்பதாம் இலக்க நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் 2006 இல் திறக்கப்பட்ட பெரிய வணிக வளாகம் அங்கே இருக்கிறது. அந்த இரண்டு இலக்கங்களையும் சேர்த்தே 'டிஸ்-த்ரோந்', அதாவது பத்து-முப்பது, என்று அதற்குப் பெயர். வாகனத்தில் வருவோருக்காகக் கட்டிய இடம். ஒரு கடையிலிருந்து மற்றக் கடைக்கு நடப்பதென்றால் தரிப்பிடங்களின் குறுக்கே காற்றில் நடக்கவேண்டும். நடந்து களைத்தவர் முதலில் கண்டதை வாங்கிவிடுவார். ஆகையால் கடைக்குள் போகுமுன் ஓர் உணவகத்தில் தேநீர் வாங்கிக்கொண்டு அமர்ந்தோம்.

முதலில் வேலையைக் கேளுங்கள்

மகனுக்குப் பதினாறு வயது. விளையாட்டுக் கணனி ஒன்றைக் கைத்தொலைபேசியில் காட்டி, "அம்மா, இது நல்ல வேகம்" என்றான். தாய் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து எம்மிடம் தந்தார். வேலை தந்தவரிடம் கேட்டு எழுதி வந்திருந்தார்: கணக்குக்குச் சேஜ் 50 என்னும் மென்பொருள், எக்செல் அட்டவணை, மின்னஞ்சல், கிழமைக்கு ஒரு தடவை காணொளிக் கூட்டம்.

அந்த நாலு வரிகள் கடைக்குள் எமக்கு இருந்த வேலையில் பாதியை முடித்துவிட்டன. முன்னாளில் 'சிம்ப்ளி அக்கவுண்டிங்' என்ற பெயரில் கனடாவின் சிறு வியாபாரங்களில் பரவிய மென்பொருள்தான் இன்றைய சேஜ் 50. அது விண்டோஸ் கணனியில் இயங்குவது. ஆகவே குரோம்புக் என்று மலிவாக விற்கப்படுபவை இவருக்கு உதவா. இணையத்தில் மட்டும் வேலை செய்பவருக்கோ பள்ளிப் பிள்ளைக்கோ அதே குரோம்புக் போதுமானதாக இருக்கலாம். எண்கள் பதிகிற வேலை என்பதால் வலப்பக்கம் தனி எண்விசைகள் இருத்தல் நன்று. அவை பெரும்பாலும் 15.6 அங்குலத் திரையுள்ள கணனிகளிலேயே கிடைக்கும். விளையாட்டுக்கான விலையுயர்ந்த வரைகலை அட்டை எந்த வரியிலும் இல்லை.

மகன் கடதாசியை வாங்கி மீண்டும் ஒருமுறை வாசித்தான். பிறகு கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

சாதாரண அலுவலக வேலைக்கு வாங்குவோர் பார்க்கவேண்டியவை இவை. றாம் எனப்படும் நினைவகம் குறைந்தது 8 ஜி.பி., முடிந்தால் 16. சேமிப்பு எஸ்.எஸ்.டி. வகையில் குறைந்தது 256 ஜி.பி. மிக மலிவானவற்றில் 4 ஜி.பி. றாமும் 64 ஜி.பி. சேமிப்பும் இருக்கும்; விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே அதில் இடம் போதாது. திரை 1920 க்கு 1080 புள்ளிகள் கொண்டதாக இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் அகன்ற அட்டவணை ஒன்றை முழுதாகப் பார்க்க இயலாது. கமராவும் ஒலிவாங்கியும் வேலைசெய்கின்றனவா என்று கேளுங்கள். 2023 யூனில் தொடங்கிய 'பிரான்சிசாசியோன் கியூபெக்' மூலம் இணையவழியில் பிரெஞ்சு படிப்பவர்களுக்கும் அவை தேவை.

சீட்டில் ஒரு விலை, காசாளரிடம் ஒரு விலை

கடையில் சகோதரிக்குப் பிடித்த ஒன்றில் 599.99 என்று எழுதியிருந்தது. "அறுநூறுக்குள் இருக்குது" என்று மகிழ்ந்தார். கியூபெக்கில் விலைச்சீட்டில் வரி சேர்வதில்லை. மத்திய அரசின் வரி 5 வீதம், மாகாண வரி 9.975 வீதம். இரண்டையும் கூட்டினால் 689.84 டொலர். கையில் அறுநூறு உள்ளவர் சீட்டில் 521 டொலர் வரையுள்ள பொருளைத்தான் பார்க்கவேண்டும். இக்கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போவது நல்லது.

விற்பனையாளர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். காசு போதாதென்றால் மாதத் தவணை உண்டு என்றார். தவணையைக் கேட்கும்போது மாதத் தொகையைக் கேளாதீர்கள், மொத்தத் தொகையைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, மாதம் 39 டொலர் என்பது சிறிதாகத் தோன்றும். இருபத்துநாலு மாதம் கட்டினால் அது 936 டொலர். விரலுக்கேற்ற வீக்கம் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கடைசியில் 499.99 டொலர் சீட்டுள்ள ஒன்று, வரியோடு 574.86 ஆகி, அவருடைய கடதாசிக்குப் பொருந்தி வந்தது. உடனே மேலதிக உத்தரவாதப் பத்திரம் ஒன்றையும் எடுக்கும்படி கேட்டார்கள். ஓராண்டு முடிந்தபின் பழுதானால் ஒன்றும் செய்ய ஏலாது என்றும் சொன்னார்கள்.

இந்த இடத்தில் வாசகர்கள் கியூபெக்கின் சட்டத்தை அறிந்திருப்பது அவசியம். 1978 இல் இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37 ஆம், 38 ஆம் பிரிவுகளின்படி, வியாபாரி விற்கும் பொருள் அதன் விலைக்கும் பாவனை முறைக்கும் ஏற்ற நியாயமான காலம்வரை ஒழுங்காக இயங்கவேண்டும். இது சட்ட உத்தரவாதம். இதற்குப் பணம் கட்டவேண்டியதில்லை. தயாரிப்பாளரின் ஓராண்டு முடிந்ததும் இதுவும் முடிந்துவிடும் என்பதில்லை. மேலதிக உத்தரவாதத்தை விற்குமுன் இந்த இலவச உத்தரவாதம் பற்றி வாய்மொழியாகவும் எழுத்திலும் வாடிக்கையாளருக்குச் சொல்லவேண்டும் என்பது 2010 முதல் வியாபாரிகளின் கடமை.

சகோதரி தன் புதுப் பிரெஞ்சில், மெதுவாக, "சட்ட உத்தரவாதம் பற்றிய கடதாசியைத் தாருங்கள்" என்று கேட்டார். கடதாசி வந்தது. மேலதிகப் பத்திரம் பற்றிய பேச்சு அத்துடன் நின்றது. எங்கள் பெண் ஒருத்தி அந்நிய மொழியில் தன் உரிமையைக் கேட்டு வாங்கியதைப் பார்க்க எமக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழுதில்லாத பொருளை மனம் மாறித் திருப்பிக் கொடுத்தால் ஏற்கவேண்டும் என்று சட்டம் எந்தக் கடையையும் கட்டாயப்படுத்தவில்லை. அது கடையின் கொள்கை. எத்தனை நாள், பெட்டி திறந்தால் ஏற்பார்களா என்பதை வாங்குமுன் கேட்டு, பற்றுச்சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டைப் படமெடுத்து வையுங்கள். அந்தக் கடதாசியின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். பிணக்கு வந்தால் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் தகவல் பெறலாம். 15,000 டொலர் வரையிலான வழக்குகளைச் சட்டத்தரணி இல்லாமலே சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் பேசலாம்.

விசைப்பலகையும் எங்கள் எழுத்தும்

வாங்கிய கணனியில் கியூபெக் கடைகளில் வழமையாக உள்ள இருமொழி விசைப்பலகை. சாய்கோடு இருக்கும் இடத்தில் மேற்கோட்டுடனான பிரெஞ்சு எழுத்து ஒன்று இருக்கும். இதைக் கண்டு அஞ்சவேண்டாம். பிரெஞ்சில் கடிதம் எழுதும் வேலைக்கு இதுவே வசதி.

ஆனால் பாமினி முறையில் தமிழ் எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு தடை வரும். பாமினியில் 'ஜ', 'ஸ' இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. பிரெஞ்சு அமைப்பில் அந்த இடத்தில் வேறு குறிகள். எனவே கிறிஸ்மஸ் வாழ்த்துகூட ஒழுங்காக வராது. விண்டோஸ் அமைப்புகளில் ஆங்கில விசைப்பலகையையும் சேர்த்துவிட்டு, விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம். பாமினியை விடவும் யூனிகோட் முறையே இன்று நல்லது. பெறுபவரிடம் எழுத்துரு இல்லாவிட்டாலும் வாசிக்கலாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11 இலேயே உண்டு. அலுவலகம் எக்செல் உரிமம் தராவிட்டால் 'லிப்ரே ஒபிஸ்' என்னும் இலவச மென்பொருளில் பழகலாம்.

புதியது வாங்க வசதி இல்லாதோருக்கு

அறுநூறும் இல்லாத குடும்பங்கள் பல உண்டு. பெரிய கொம்பனிகள் சில ஆண்டுகள் பாவித்துக் கழிக்கும் லெனோவோ திங்பாட், டெல் லற்றிரியூட், எச்.பி. எலைற்புக் போன்றவை திருத்தி விற்கப்படுகின்றன. உறுதியாகச் செய்யப்பட்டவை. மொன்றியலின் றோஸ்மொன்ற் பகுதியில் 1998 இல் தொடங்கிய 'இன்சர்ரெக்' என்னும் இலாபநோக்கற்ற நிறுவனம், வேலை கிடைக்காத இளையோருக்குப் பயிற்சி கொடுத்து, பழைய கணனிகளைத் திருத்தி விற்கிறது.

பழையதில் பார்க்கவேண்டியது இதுதான்: விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 ஐ ஏற்பதற்கு இன்டெல் செயலி பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது பிந்தியதாக இருக்கவேண்டும். ஐ5 என்பதற்குப் பின்வரும் நான்கிலக்க எண் 8 இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. ஐந்திலக்கமாகி 10, 11, 12 என்று தொடங்கினால் இன்னும் புதியது. 6 அல்லது 7 இல் தொடங்குவது எவ்வளவு மலிவானாலும் அலுவலக வேலைக்கு வேண்டாம்.

இப்பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ள விரும்புவோருக்காக, வேலை தருபவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைச் சுருக்கித் தருகிறோம். கணனி நீங்கள் தருவீர்களா, நான் வாங்கவேண்டுமா? எந்த மென்பொருள்? அதன் உரிமத்துக்கு யார் பணம் கட்டுவது? கடிதங்கள் எந்த மொழியில்? காணொளிக் கூட்டம் உண்டா? வெட்கப்படாமல் கேளுங்கள். வேலை தெரிந்தவர்தான் இப்படிக் கேட்பார் என்றே அவர்கள் எண்ணுவார்கள்.

அந்தச் சகோதரி குறித்த திங்கட்கிழமை வேலையைத் தொடங்கிவிட்டார். மிச்சமான இருபத்தைந்து டொலரும் பதினாலு சதமும் பிள்ளைகளின் பஸ் செலவுக்குப் போனதாகச் சொன்னார்.