மூன்று நாள் விருந்தாளிகள்

தாஜ்மகாலைவிட மாமல்லபுரத்துக்கு அதிக வெளிநாட்டினர் வந்தார்கள் என்றால் பலரும் நம்ப மாட்டார்கள். ஆனால், 2021-22-ம் ஆண்டில் அதுதான் நடந்தது. மத்திய சுற்றுலா அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, அந்த ஆண்டில் மாமல்லபுரம் சின்னங்களைப் பார்த்த வெளிநாட்டினர் 1,44,984 பேர். தாஜ்மகாலைப் பார்த்தவர்கள் 38,922 பேர்தான்.

கொரோனா காரணமாக 2021 நவம்பர் வரை சுற்றுலா விசாவில் யாரும் தாராளமாக இந்தியாவுக்குள் வர முடியவில்லை. அப்படியானால் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டினர் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே இங்கேயே குடியிருப்பவர்களாகத்தான் இருக்க முடியும். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செங்கல்பட்டு அருகே மகேந்திரா சிட்டி என்று இப்பகுதியில் கார் கம்பெனிகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் நிறைய. கொரியா, ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்து வந்து இவற்றில் வேலை பார்ப்பவர்கள் சென்னையில் வீடெடுத்துத் தங்கியிருக்கிறார்கள்.

சொந்த பந்தம் எல்லாம் கடல் தாண்டி இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது. அதனால் கூட வேலை பார்க்கும் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு காரைப் பிடித்துக் கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஈத் விடுமுறையில் அறை நண்பர்களோடு கோர்ஃபக்கான் கடற்கரைக்குப் போவதும் இதே கதைதான். அங்கே நம் பிள்ளைகள் விருந்தாளிகள்; இங்கே இவர்கள் விருந்தாளிகள்.

இவர்கள் போகும் வழி, செங்கல்பட்டு மாவட்டத்தின் தோட்டங்களையும் வயல்களையும் ஒட்டியே போகிறது. அந்த வழியில் விவசாயிக்கு என்ன கிடைக்கிறது, என்ன பறிபோகிறது?

கோவளம் முதல் மாமல்லை வரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதல் நிறுத்தம் பெரும்பாலும் கோவளம். கட்டுமரம் ஏறிய மீனவ இளைஞர்கள் இங்கே இப்போது அலைச்சறுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். இவ்வூர் மீனவரான மூர்த்தி மேகவன் தொடங்கிவைத்த முயற்சி அது. 2021-ல் கோவளம் கடற்கரைக்கு ‘நீலக்கொடி’ சான்று கிடைத்தது. தண்ணீரின் சுத்தம், கழிவறை வசதி, குப்பை மேலாண்மை, பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்த்துத் தரும் சர்வதேசச் சான்று இது.

சாலையோரத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ரா இருக்கிறது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்து பழைய கிராமத்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையும் உள்ள வீட்டைப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. நாம் ‘பழசு’ என்று இடித்துத் தள்ளும் வீட்டைப் பார்க்க அவர்கள் காசு கொடுக்கிறார்கள்.

அடுத்து வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-ல் தொடங்கிய இந்த வளாகத்தில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இயங்குகிறது. வயலில் பாம்பு கடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து தயாரிக்க, இவர்கள் எடுத்துத் தரும் விஷம்தான் முக்கிய ஆதாரம்.

பிறகு மாமல்லபுரம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ஜுனன் தபசு என்று பல்லவர் செதுக்கிய இந்தக் கற்களை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னங்களாக அறிவித்தது. பகலெல்லாம் உளிச்சத்தம் கேட்கிற ஊர் இது. கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் குளிப்பதற்கு இறங்குவது ஆபத்து. காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போகும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால், கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும்.

பாலாறு தாண்டினால் அமைதி

மாமல்லபுரத்தோடு திரும்புகிறவர்கள் ஒரு ரகம். கூட்டம் பிடிக்காமல் தெற்கே இறங்குகிறவர்கள் இன்னொரு ரகம். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை நிற்கிறது. உள்ளே அவர்களின் கல்லறைகள். இந்தப் பக்கத்து நெசவாளர் நெய்த துணிக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள், இந்த மணலிலேயே தங்கிவிட்டார்கள்.

அதற்குத் தெற்கே பாலாறு கடலில் கலக்கிறது. வாயலூரில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை இருக்கிறது. வெள்ள நீரைத் தேக்குவதோடு, கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுப்பதும் அதன் வேலை. பாலாற்றைத் தாண்டினால் செய்யூர் வட்டம். சவுக்குத் தோப்பு, முந்திரி, தென்னை, உப்பளம், முதலியார்குப்பத்தில் படகு விடும் உப்பங்கழி, கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடு. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு வந்த அந்தக் கோட்டையை, 1760-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள்.

மார்ச், ஏப்ரலில் இந்தச் சாலையோரம் தர்பூசணி மலைபோல் குவிந்து கிடக்கும். நுங்கும் இளநீரும் வேகவைத்த மல்லாட்டையும் விற்கும். காரை நிறுத்தி வாங்குபவர்களிடம் கத்தியைக் கழுவி, ஈ மொய்க்காமல் மூடிவைத்து வெட்டிக் கொடுக்கும் கடைக்குத்தான் இரண்டாவது தடவையும் கார் நிற்கிறது.

மணலுக்கு அடியில் ஒரு கணக்கு

இந்தக் கடற்கரை எங்கும் ‘மனை விற்பனைக்கு’ பலகைகள். ரிசார்ட்டுக்கும் பண்ணை வீட்டுக்கும் நிலம் கைமாறியபடி இருக்கிறது. விற்ற காசு நாலு வருஷத்தில் கரைந்து, விற்றவரே அந்த கேட்டில் காவலுக்கு நிற்பது கடலோர ஊர்களில் பழகிப்போன கதை. நிலம் விற்காத பக்கத்து விவசாயிக்கும் இதில் இழப்பு உண்டு. அது தண்ணீர்.

கடலோர மணலுக்கு அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்புநீர் கனம், நல்ல தண்ணீர் லேசு. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதையே திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். இரவும் பகலும் மோட்டார் ஓடி, நீர்மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நின்றால், கீழிருந்து உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலே ஏறும். கரையோரக் கிராமங்களில் கைக்கு எட்டும் ஊற்றில் தலைமுறைகளாக நல்ல தண்ணீர் கிடைத்ததற்கு, அளவாக இறைத்ததும் ஒரு காரணம்.

நீச்சல் குளம், புல்தரை, ஒவ்வோர் அறைக்கும் குளியல் என்று மூன்று நாள் விருந்தாளிக்காக உறிஞ்சப்படும் தண்ணீர், முந்நூற்று அறுபத்தைந்து நாளும் பயிர் வைப்பவரின் கிணற்றிலிருந்தும்தான் போகிறது. உப்பு ஏறிய கிணற்றை ஒரு மழையில் மீட்க முடியாது. தென்னையும் சவுக்கும் ஓரளவு தாங்கும். நெல்லும் காய்கறியும் மல்லாட்டையும் தாங்காது.

மேற்கே ஓர் ஏரி

செய்யூரிலிருந்து மேற்கே திரும்பினால் மண்ணும் மாறுகிறது, தண்ணீரும் மாறுகிறது. மதுராந்தகம் ஏரி, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. மதுராந்தகன் என்ற பட்டப்பெயர் கொண்ட உத்தம சோழன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. இந்த ஏரிக்கும் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிய ஒருவருக்கும் தொடர்பு உண்டு. 1790-களில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ்தான் அவர்.

மழைக்காலம் தோறும் ஏரிக்கரை உடைந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் கரை நின்றால் தாயார் சன்னிதி கட்டித் தருகிறேன் என்று பிளேஸ் வாக்குக் கொடுத்தாராம். அடைமழை இரவில் குடை பிடித்துக்கொண்டு கரையைப் பார்க்கப் போனவருக்கு, வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பது தெரிந்ததாம். கரை உடையவில்லை. ஊரார் வழிவழியாகச் சொல்லும் இந்தக் கதையால்தான் இங்குள்ள பெருமாள் ‘ஏரி காத்த ராமர்’ ஆனார். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், நடுராத்திரி மழையில் ஏரிக்கரையைப் பார்க்கப் போன அதிகாரியை ஊர் இருநூறு வருஷமாக மறக்கவில்லை.

பக்கத்திலேயே வேடந்தாங்கல். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் என்று ஆயிரக்கணக்கான பறவைகள் ஏரி மரங்களில் கூடு கட்டும். வாத்து வகைகள் சில வட ஆசியாவிலிருந்தே வரும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு 1798-ல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். அந்த உத்தரவைக் கொடுத்தவரும் இதே பிளேஸ்தான். இன்று வேடந்தாங்கலும், பக்கத்திலுள்ள கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலங்கள். இரண்டுக்கும் அந்தத் தகுதி 2022-ல் கிடைத்தது.

ஊர்மக்கள் பறவைகளைக் காத்ததற்கு அன்பு மட்டும் காரணம் இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாயும்போது, அது உரமும் சேர்ந்த தண்ணீர். வந்த விருந்தாளி தண்ணீரைக் குடித்துத் தீர்க்கவில்லை. அதற்குச் சத்து சேர்த்துவிட்டுப் போகிறது. எப்படிப்பட்ட விருந்தாளியை வரவேற்க வேண்டும் என்பதற்கு வேடந்தாங்கல் விவசாயிகள் போட்ட கணக்கு இது. அதே கணக்கைக் கடற்கரைக்கும் போட்டுப் பார்க்கலாம்.

நிலத்தை விற்காமல் என்ன செய்யலாம்?

முதலில் விளைச்சலை விற்கலாம். விடுமுறை நாள்காட்டியும் பயிர் நாள்காட்டியும் நன்றாகவே பொருந்துகின்றன. தர்பூசணி 70 முதல் 80 நாள் பயிர். ஜனவரியில் விதைத்தால் புனித வெள்ளி, சித்திரை முதல் நாள் விடுமுறைகளையொட்டி அறுவடைக்கு வரும். நுங்கு, மே தின விடுமுறைக்குக் கிடைக்கும். மல்லாட்டையையும் நாட்டுக்கோழி முட்டையையும் மரச்செக்கு எண்ணெயையும் எந்த விடுமுறையிலும் விற்கலாம். தனியாக ஒருவர் கடை போடுவதைவிட, நாலைந்து விவசாயிகள் சேர்ந்து முறைவைத்து ஒரே கடை நடத்தினால் சரக்கு தீராமல் இருக்கும். விலையை எழுதி வைத்தால் மொழி தெரியாதவரும் வாங்குவார். சமைத்த பண்டம் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, வீட்டில் தங்க இடம் கொடுப்பது. பெரிய கட்டடம் தேவையில்லை. காற்றோட்டமான ஒரு அறை, சுத்தமான கழிவறை, கொசுவலை, காரம் குறைத்த சாப்பாடு இருந்தால் போதும். சுற்றுலாத் துறையிடம் அனுமதி விவரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டவர் ஒரு இரவு தங்கினாலும், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் தெரிவிப்பது கட்டாயம். பாஸ்போர்ட், விசா நகல் வாங்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, கிணற்றைக் காப்பது. கரையோர விவசாயிகள் வருஷத்துக்கு இரண்டு முறை, கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று, கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பின் அளவை எழுதிவைக்க வேண்டும். பக்கத்தில் பெரிய ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு உப்பு ஏறினால், கையில் இருக்கும் அந்தத் தாள்தான் சாட்சி. கடலின் அலை உயர்மட்டக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். அதற்குள் நடக்கும் கட்டுமானத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்க ஊர்மக்களுக்கு உரிமை உண்டு.

கேட்பதற்கு இடமும் நாளும் தயாராகவே இருக்கின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய விடுமுறை நாள்களில்தான் கடற்கரைச் சாலையில் கார்கள் வரிசை கட்டுகின்றன. அதே நாள்களில்தான் ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. காலையில் சபைக்குப் போய், எந்த ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஆழம், யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டுத் தீர்மானத்தில் பதியச் சொல்லிவிட்டு, மதியம் சாலையோரம் இளநீர்க் கடையைத் திறக்கலாம். இரண்டுக்கும் அந்த ஒரே நாளில் நேரம் இருக்கிறது.